காற்று: இல்லை

செப்டம்பர் 4

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் புது விலாசத்தை உன் பழைய ஆபீஸில் போய்க் கேட்டு வாங்கினேன். அங்கே இருந்த கிளார்க், "ஏம்மா, தம்பி விலாசம் அக்காவுக்கே தெரியாதா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு வந்தேன்.

போனில் பேசியிருக்கலாம். இரண்டு தடவை கூப்பிட்டேன். நீ "அக்கா" என்றதும் வைத்துவிட்டேன். நீயும் திரும்பக் கூப்பிடவில்லை. அதனால்தான் கடிதம்.

என் பொடிசு கண்ணை மூடிய பதினோராம் நாள் நீ மாற்றல் வாங்கிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டாய். முந்தின நாள் சாயங்காலம்கூட என் வீட்டில்தான் காபி குடித்தாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைப் பற்றிச் சண்டை போட இப்போது எனக்குத் தெம்பில்லை. எனக்கு வேறொன்று தெரிய வேண்டும்.

ஜூலை இருபத்தொன்றாம் தேதி எங்கள் தெருவுக்குக் கொசுப் புகை அடிக்க வந்தீர்கள் அல்லவா? நீயே வாசலில் நின்று, "அக்கா, கதவு ஜன்னல் எல்லாத்தையும் தொறந்து வை. புகை உள்ள வரணும். அப்பதான் ஒளிஞ்சிருக்கிற கொசு சாகும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். பொடிசுக்கு அன்றைக்கு இளைப்பு. பள்ளிக்கூடம்கூட அனுப்பவில்லை. புகை பட்டால் அதிகமாகிவிடும் என்று நான் எல்லாவற்றையும் சாத்தினேன். கதவிடுக்கில் ஈரத் துண்டைச் சுருட்டி வைத்தேன். அவள், "மாமா புகை விடறாரு, நான் பாக்கணும்" என்று அழுதாள். பார்க்க விடவில்லை.

பதினோரு நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல். அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்ததே நீதானே.

உன் அத்தான் என்னோடு பேசுவதில்லை. திட்டினால் பரவாயில்லை, அதுவும் கிடையாது. ஒரே ஒரு நாள், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "அன்னிக்குத் தொறந்து வெச்சிருந்தா..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

கொசுவோடு பதினான்கு வருடம் குப்பை கொட்டியவன் நீ. உள்ளதைச் சொல். ஜன்னலை நான் திறந்து வைத்திருந்தால் அவள் இருந்திருப்பாளா? ஆமாம் என்றாலும் எழுது. தாங்கிக்கொள்வேன்.

அக்கா

செப்டம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. சொல்லாமல் வந்தது தப்புதான். மாற்றல் உத்தரவு திடீரென்று வந்துவிட்டது.

இங்கே மாடியில் ஓர் அறை. கீழே சைக்கிள் ரிப்பேர் கடை. நாள் முழுக்க டயருக்குக் காற்றடிக்கிற சத்தம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

நீ கேட்டதைப் பற்றி என்ன எழுத? கொசு வீட்டில்தான் கடித்தது என்று யார் கண்டது? பள்ளிக்கூடத்தில் கடித்திருக்கலாம், பஸ்ஸில் கடித்திருக்கலாம். அதையே போட்டுக் கிளறிக்கொண்டிருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. அத்தானும் பாவம். அவரைக் கொஞ்ச நாள் அவர் போக்கில் விடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

செப்டம்பர் 19

தம்பிக்கு,

நான் என்ன கேட்டேன், நீ என்ன எழுதியிருக்கிறாய்? சைக்கிள் கடையைப் பற்றி நான் கேட்டேனா?

சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தப் பழக்கம். அம்மாவின் மூக்குக்கண்ணாடியை மிதித்து உடைத்தாயே, நினைவிருக்கிறதா? "உடைச்சியா?" என்று அம்மா கேட்டால், "கண்ணாடி இல்லாமலே நீ அழகா இருக்கம்மா" என்றாய். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கடைசி வரைக்கும் "ஆமா, உடைச்சேன்" என்று நீ சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

புகை அடிப்பதற்கு முன்பு வீட்டுக்கு வீடு ஒரு நோட்டீஸ் கொடுத்தீர்கள். "புகை மருந்து அடிக்கும்போது கதவு, ஜன்னல்களைத் திறந்து வைக்கவும்." உன் அத்தான் வேலை பார்க்கிற அச்சகத்தில் ஓடியதுதான் அது. அவர் கையால் மை தடவி, அவர் கையால் கட்டுக் கட்டியது. அதில் ஒன்றை அப்போதே கொண்டுவந்து சமையலறைச் சுவரில் ஆணியில் மாட்டினார். இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அடுப்புக்கு நேர் எதிரே. ஒரு நாளைக்கு எத்தனை தடவை படிக்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். நேற்று ஒரு குழந்தையைக் கண் பரிசோதனைக்குக் கூட்டி வந்தார்கள். அதே உயரம், அதே மாதிரி நகம் கடிக்கிற வாய். நான் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி அம்மாள், "நீ வீட்டுக்குப் போ" என்றாள். வீட்டுக்குப் போனால் அந்த நோட்டீஸ்.

பூசி மெழுகாமல் எழுது. இல்லையென்றால் எழுதவே எழுதாதே.

அக்கா

அக்டோபர் 2

அக்கா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இந்தத் தடவை கிழிக்கப் போவதில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அன்றைக்கு நாங்கள் அடித்த புகையில் உன் தெருவில் ஒரு கொசுகூடச் செத்திருக்காது. இது எனக்கு அன்றைக்கே தெரியும்.

கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி. நாங்கள் விடுவது நெருப்புப் புகை இல்லை. டீசலில் கலந்த மருந்தை மெஷின் சூடாக்கிப் பொடிப்பொடித் துளியாக ஊதுகிறது. தலைமயிர்ப் பருமனில் நாலில் ஒரு பங்குதான் ஒரு துளி. அந்தத் துளி காற்றில் மிதந்து போய்க் கொசுவின் மேல் பட வேண்டும். பட்டால்தான் சாவு. படாவிட்டால் வெறும் நாற்றம்.

ஆகவே, வேலையில் பாதி மருந்து, பாதி காற்று. விடியற்காலையில் தரை குளிர்ந்து கிடக்கும், காற்று அவ்வளவாக அசையாது. அப்போது விட்டால் புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்கி, வீடுகளுக்குள்ளும் மெதுவாக நுழையும். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகும் அப்படித்தான். நாம் நடக்கிற வேகத்துக்கு லேசான காற்று இருந்தால் நல்லது, புகையைக் கைப்பிடித்துக் கூட்டிப் போகும். அதற்கு மேல் வீசினால் கலைத்துவிடும். உச்சி வெயிலில் விட்டால் கேட்கவே வேண்டாம். தரை கொதிக்கும், சூடு பட்ட காற்று மேலே கிளம்பும், அதோடு மருந்தும் வானத்துக்குப் போய்விடும். இதெல்லாம் எனக்குப் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது.

உன் தெருவுக்கு நாங்கள் வந்தது காலை பதினோரு மணிக்கு. உனக்கே தெரியும். அந்த வாரம் பக்கத்துத் தெருவில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், பத்திரிகைக்காரர்கள் வருவதாகப் பேச்சு. எங்கள் மண்டல அதிகாரி, "விடிகாலையில அடிச்சா யாருய்யா பாக்கப் போறா? புகை ஜனங்க கண்ணுல படணும்" என்றார். அன்றைக்குக் காற்றும் சும்மா இல்லை. உன் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து வாசல் பக்கமாக வீசி, எதிரே இருக்கிற காலி மனையைப் பார்த்து இழுத்துக்கொண்டு போனது. மெஷினைத் தோளில் தூக்கியிருந்த நெட்டை என்னிடம் சொன்னான்: "அண்ணே, கொசு இந்தப் பக்கம் இருக்கு, புகை அந்தப் பக்கம் போகுது. ரெண்டுக்கும் டூ போல." நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, "நீ பாட்டுக்கு அடி" என்றேன். அப்புறம் உன் வாசலில் வந்து நின்று ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னேன். அது வாய்ப்பாடு மாதிரி எல்லா வீட்டிலும் சொல்வது.

நீ திறந்திருந்தால் உள்ளே வந்திருப்பது டீசல் நாற்றம் மட்டும்தான். பொடிசுக்கு இளைப்பு கூடியிருக்கும். நீ செய்தது சரி.

இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு தெரு முடிந்ததும் மேற்பார்வையாளர் ஒரு தாள் நிரப்ப வேண்டும். தெரு, நேரம், மருந்தின் அளவு, காற்று. பதினோரு மணி என்று எழுதினால் மேலே ஏற்க மாட்டார்கள். அதனால் நேரம் என்ற இடத்தில் "காலை 5.45" என்று எழுதினேன். காற்று என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். என் கையெழுத்து. அந்தத் தாளால் உன் தெரு முடிந்துபோன கணக்கில் போய்விட்டது. மறுபடி வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

ஏன் செய்தாய் என்று கேட்பாய். மேற்பார்வையாளர் வேலை கிடைத்து நாலு மாதம்தான். வாயைத் திறந்தால் மறுபடி மெஷினைத் தூக்கச் சொல்வார்கள். என் முதுகு உனக்குத் தெரியும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

ஒழுங்காக அடித்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்றால், அது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியை நீ உன்னிடம் கேட்டுக்கொள்ளக் கூடாது. அது என்னைக் கேட்க வேண்டியது.

மாற்றல் உத்தரவு திடீரென்று வரவில்லை. நானே எழுதிக் கேட்டு வாங்கினேன். அத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தம்பி

அக்டோபர் 9

படித்தேன்.

அவள் போன பிறகு பத்து நாளும் நீ என் வீட்டுக்கு வந்தாய். நான் தலையில் அடித்துக்கொண்டு, "நான்தான்டா சாத்தினேன், நான்தான் சாத்தினேன்" என்று அழுதேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். அப்போதும் உனக்குத் தெரியும்.

புகையைக்கூட விடு. இதை என்னால் விட முடியவில்லை.

இனி எனக்கு எழுதாதே.

நவம்பர் 16

அக்கா,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

போன மாதக் கடைசியில் இங்கேயும் அதே கதை நடந்தது. மத்தியானம் இரண்டு மணி, மரமெல்லாம் ஆடுகிறது. இங்கே இருக்கிற அதிகாரி ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் புகை அடிக்கச் சொன்னார். நான் மெஷினை இறக்கச் சொல்லிவிட்டு, தாளில் "காற்று அதிகம். அடிக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பழைய ஊர்ல நீ இவ்வளவு ஒழுங்கா?" என்று கேட்டார். அவர் கிண்டலுக்குத்தான் கேட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் உட்கார்ந்து, ஜூலை இருபத்தொன்று முதல் எல்லாவற்றையும் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். அந்த மாதம் நான் பொய் நேரம் போட்ட ஒன்பது தெருக்களின் பெயரும் அதில் இருக்கிறது. என்னைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை நடக்குமாம். பழைய மண்டல அதிகாரி, தான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்கிறாராம். நெட்டை மட்டும், "நான் சாட்சி சொல்றேன்ணே. மெஷின் தூக்குறவனை இதுக்கும் கீழ எங்க எறக்குவாங்க?" என்று போன் செய்தான்.

நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். நீ படிக்க வேண்டும் என்றில்லை. உன்னிடம் ஒன்று இருக்கட்டும் என்று தோன்றியது.

தம்பி

டிசம்பர் 1

தம்பிக்கு,

நகலைப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். எந்தத் தெரு, எத்தனை லிட்டர், எத்தனை மணி, எல்லாம் இருக்கிறது. அவளைப் பற்றி ஒரு வரி. "மேற்படி தெருவில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று காய்ச்சலால் இறந்தது." அந்த ஒரு வரியை மட்டும் மூன்று முறை படித்தேன். குழந்தை ஒன்று. உன் முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்த குழந்தை ஒன்று.

ஆபீஸுக்கு எழுதிவிட்டாய். எனக்கு எழுதிவிட்டாய். என்னோடு ஒரே வீட்டில், நாலு மாதமாக ஊமையாக இருக்கிற மனுஷனுக்கு யார் சொல்வது? நான் சொன்னால், தன் குற்றத்தைத் தம்பி தலையில் கட்டுகிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றும். உன் கடிதத்தைக் காட்டலாம். காட்ட மாட்டேன். நீ வாயால் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அச்சகம் விடுமுறை. காலை பத்து மணிக்கு வா. சாப்பாடு போட மாட்டேன்.

அக்கா

டிசம்பர் 9

அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன்.

நான் பேசும்போது நீ சமையலறையிலேயே நின்றுவிட்டாய். குழாயைத் திறந்து வைத்திருந்தாய். ஆனாலும் கேட்டிருப்பாய் என்று தெரியும். நான் முடித்த பிறகு அத்தான், "எத்தனை மணிக்கு வந்தே?" என்றார். "பதினொண்ணு." "எத்தனைன்னு எழுதினே?" "அஞ்சே முக்கால்." தலையை ஆட்டினார். கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போய்விட்டார். நானும் கிளம்பிவிட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அவர் பின்னாலேயே பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். சட்டைகூட மாற்றவில்லை, வீட்டில் போட்டிருந்த பனியனோடு. என் பக்கத்தில் நின்றார். இரண்டு பஸ் போனது. மூன்றாவது வரும்போது கேட்டார்: "கொசு கடிச்சா வலிக்குமாடா, குழந்தைக்கு?"

"இல்லத்தான். அந்தக் கொசு கடிக்கிறது பெரியவங்களுக்கே தெரியாது."

"தெரியாதா?"

"தெரியாதுத்தான்."

"சரி, ஏறு" என்றார். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

தம்பி

ஜனவரி 20

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை நாள் போய்விட்டது.

நீ வந்த அன்று அவர் வீடு திரும்ப மதியம் இரண்டு மணி ஆனது. நான் தட்டு வைத்தேன். உட்காரவில்லை. சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "நான் உன்னை ஒரு நாளும் ஒண்ணும் சொல்லலியே" என்றார்.

"சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றேன்.

அவ்வளவு கோபம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. கையில் கரண்டி இருந்தது. அதை வைத்துவிட்டு, நாலு மாதத்துப் பேச்சையும் அன்றைக்கே பேசினேன். அவர் தரையில் உட்கார்ந்து கேட்டார். பிறகு அவர் அழுதார். இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன், அது மட்டும் முடிந்தது. சோறு ஆறிப்போய்விட்டது. சாயங்காலம் நானே எழுந்து சூடு பண்ணினேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். மறுநாள் பார்த்தபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

இப்போது பேசுகிறார். அதிகம் இல்லை. பால் வாங்கவா, மழை வருமா, இந்த அளவுக்கு. சில நாள் அவளைப் பற்றியும் பேசுகிறார். பேச ஆரம்பித்தால் நடுவில் நின்றுவிடுகிறது. நின்ற இடத்திலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். போனேன். அந்தப் பழைய அதிகாரியும் இருந்தார். நான், "பதினோரு மணிக்குத்தான் வந்தாங்க. என் பொண்ணு மாமாவைப் பாக்கணும்னு அழுதா, அதனால எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். உனக்காகச் சொல்லவில்லை. நடந்தது அது, அதனால் சொன்னேன். உனக்கு வேலை போனாலும் போகும் என்று அங்கே இருந்தவர் சொன்னார். அதற்கு நான் வருத்தப்படுகிறேனா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். தெரியவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம். அதைப் படித்தால் உனக்குத் தூக்கம் வரும். ஆனால் அது இன்றைக்கு உண்மை இல்லை. இல்லாததை இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை நம் குடும்பத்தில் ஒருத்தரோடு போகட்டும்.

அடுத்த வாரம் இந்த வீட்டைக் காலி செய்கிறோம். அச்சகத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று பார்த்திருக்கிறார். நீ வர வேண்டாம், இப்போது வேண்டாம். போனும் வேண்டாம்.

புது விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அக்கா